ஆர்வித்தின் ஹொஸ்தாவும் என் ஐஸ்கிரீம் பெட்டியும்

இந்த அத்தியாயத்தை எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். ஊரைவிட்டு வந்த கதையை எழுதினேன், நொர்வேயின் வடக்கே மீன் வெட்டிய கதையை எழுதினேன். இது வரும்போது மட்டும் பேனாவை மூடி வைத்துவிடுவேன். பாதி எழுதிய தாள் ஒன்று நாலைந்து வருடமாக மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

வெட்கம் ஒரு காரணம். மற்றது, என்னை முந்திக்கொண்டு வேறு ஆட்கள் இந்தக் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். என்னைப் பெரிய ஆளாக்கித்தான் சொல்கிறார்கள். அதுதான் எனக்குப் பயம்.

ஆகவே பிள்ளையாரை முன்னால் வைத்து, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நான் படித்தது பத்தாம் வகுப்புவரை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் ஒரு காலை

மழை விட்ட காலை நேரம். ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட்டில் பஸ் ஏறி யன்னலோரம் இருக்கிறேன். மடியில் இரண்டு லீற்றர் வெனிலா ஐஸ்கிரீம் பெட்டி. மூடியில் முள்ளுக்கரண்டியால் நானே குத்திய துளைகள்.

பெட்டிக்குள்ளே சலாட் இலை. இலையின் மேலும் கீழுமாக நாற்பதுக்குக் கிட்ட நத்தைகள். முதுகில் ஓடு இல்லாத, பழுப்பு நிறத்து, என் நடுவிரல் நீளமான நத்தைகள். பெட்டியின் குளிர் தொடையில் ஏறிக்கொண்டிருந்தது.

அடுத்த தரிப்பில் தங்கமலர் ஏறினார். கோயிலில் வெள்ளிக்கிழமைகளில் மாலை கட்டுகிறவர். நேரே வந்து என் பக்கத்தில் இருந்தார்.

"என்னண்ணை, வெள்ளனவே பெட்டியோட? படையலோ?"

"ஓம்... ஒரு மாதிரி."

"மோதகமோ? வாசத்தைக் காணேல்லை."

"ஆறிப்போச்சு பிள்ளை."

"அப்ப ஒண்டு தாங்கோவன். தேத்தண்ணி கூடக் குடிக்காமல் ஓடி வாறன்."

நான் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். "இது நேர்த்திச் சாமான் பிள்ளை. கொண்டுபோய்ச் சேர்க்கவேணும்."

அவர் உடனே மரியாதையாகி, பெட்டியின் மூடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இன்றைக்கும் அதை நினைத்தால் சிரிப்பும் வரும், கூச்சமும் வரும். ஆனால் நான் சொன்னது முழுப் பொய் இல்லை. அந்தப் பெட்டிக்குப் பின்னால் ஒரு நேர்த்தி இருந்தது.

கண்ணாடிப் பெட்டிக்குள் அபி

வடக்கே மீன் தொழிற்சாலையில் நான் கத்தியோடு நின்ற காலத்தைப் பற்றி முந்தி எழுதியிருக்கிறேன். அங்கேதான் எங்கள் மகள் அபி பிறந்தாள். பத்து மாதம் நிறையவில்லை. கையை விரித்தால் என் உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டுக்குச் சற்று மேலே வருமளவு பிள்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள்.

என் மனைவி யோகம் ஒரு கட்டிலில். நான் கண்ணாடிக்கு வெளியே. எவ்வளவு கழுவியும் கையில் மீன் மணம் போகவில்லை. அந்தக் கையைக் கண்ணாடியில் வைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் பிள்ளையாரிடம் சொன்னேன். "அப்பனே, இந்தப் பிள்ளையைத் தா. இனி இந்தக் கையால் ஓர் உயிரையும் கொல்லமாட்டேன். வாயிலும் வைக்கமாட்டேன்."

பிள்ளை பிழைத்தாள். நான் அந்த வேலையை விட்டேன். பிறகு ஒஸ்லோ வந்து பள்ளிக்கூடமொன்றில் துப்புரவு வேலை எடுத்தேன். அதற்குப் பிறகு நுளம்பைக்கூட அடித்ததில்லை. யோகம் பகிடி பண்ணுவாள்: "இவருக்கு நுளம்பு கடிச்சால் இவர்தான் நுளம்பிட்டை மன்னிப்புக் கேப்பார்."

வேலிக்கு அந்தப் பக்கம்

மோர்டென்ஸ்ருட்டில் எங்களுடையது வரிசை வீடு. முன்னால் பாய் விரித்த அளவு முற்றம். அடுத்த வீட்டில் பெரித். எழுபது தாண்டிய நொர்வேக்காரப் பெண். கணவர் ஆர்வித் நாங்கள் குடிவருமுன்னரே இறந்துவிட்டார்.

நொர்வேஜியனில் பெரியவர், சிறியவர் எல்லோருக்கும் ஒரே "நீ" தான். அவரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். எனக்கு அவரைத் தமிழில் நீ என்று எழுதக் கை வராது. யோகம் முதல் கிழமையே "பெரித் அக்கா" என்று தொடங்கிவிட்டாள். அவருக்கு அது பிடித்துப்போய், நத்தார் வாழ்த்து அட்டையில் இப்போதும் "பெரித் அக்கா" என்றே கையெழுத்து வைக்கிறார். அவர் கதைத்தது எனக்குள் எங்கள் தமிழாகத்தான் விழுந்தது. அப்படியே எழுதுகிறேன்.

அவருடைய முற்றத்தில் பூக்கள் குறைவு. இலைதான். ஹொஸ்தா என்ற செடி. இந்த நாட்டில் வெயில் வராத மூலைக்கு அதுதான் அழகு. குளிர்காலம் முழுக்க அந்த இடத்தில் வெறும் மண். மே மாதம் சுருட்டி வைத்த வெற்றிலை போல மண்ணைக் குத்திக்கொண்டு முளைகள் வரும். ஒரு கிழமையில் விரிந்துவிடும். சிலது பச்சை, சிலதற்கு வெள்ளைக் கரை. நடுவில் நின்ற பெரியது மட்டும் நீலம் பூசினாற்போல, ஒவ்வோர் இலையும் சாப்பாட்டுத் தட்டு அளவு. அது ஆர்வித் வைத்தது.

நாங்கள் வந்த முதல் வசந்தத்தில் வெள்ளைக்கரை ஹொஸ்தா ஒன்றை மண்வெட்டியால் இரண்டாகப் பிளந்து, பாதியை வேலிக்கு மேலால் தந்தார். நான் ஐயோ என்றேன். "பயப்பிடாதை, இது பிளந்தால் கோவிக்காது" என்றார்.

ஆடிப்பிறப்புக்கு யோகம் கொழுக்கட்டை அவிப்பாள். வாழையிலைக்கு எங்கே போவது? ஹொஸ்தா இலையைக் கழுவி, அதில் வைத்துப் பெரித் அக்காவுக்குக் கொடுப்போம். அவர் கொழுக்கட்டையைச் சாப்பிட்டுவிட்டு இலையைக் கழுவி யன்னலில் சாத்தி வைப்பார்.

கையைப் பிடித்துச் சொன்னது

ஒரு ஜூன் கடைசியில் பெரித் அக்கா வாசல் படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அம்புலன்சில் ஏற்றும்போது என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நேசன், ஆர்வித்தின்ர ஹொஸ்தாவை விட்டிடாதை. நத்தை வரும். இந்த முறை மழை வருசம்."

"நான் பாக்கிறன். ஒரு இலையும் போகாது," என்றேன்.

சொல்லிவிட்டேன். பிறகுதான் நத்தையை என்ன செய்வது என்று யோசித்தேன்.

எங்கள் வீட்டுத் தொகுதியில் எல்லோருக்கும் தெரிந்த வழி கத்தரிக்கோல். ஆண்டுக்கொரு தரம் எல்லோரும் கூடி முற்றம் துப்புரவாக்கும் நாளில் அதற்கென்றே கத்தரிக்கோல் கொடுப்பார்கள். நத்தையை நடுவால் ஒரு வெட்டு. இல்லாவிட்டால் கொதிதண்ணீர். நான் அந்த நாட்களில் குப்பை வாரும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

முதலில் திருநீற்றை முயன்றேன். சாம்பலைத் தாண்டி நத்தை வராது என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். கோயிலில் வாங்கி வைத்திருந்த பையைப் பிரித்து, பெரிய ஹொஸ்தாவைச் சுற்றி வட்டமாகப் போட்டேன். பஞ்சாட்சரமும் சொன்னேன். இரண்டு நாள் ஒன்றும் கிட்ட வரவில்லை.

யோகம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். "இஞ்சாருங்கோ, அப்பிடியே நத்தையளுக்கும் நெத்தியில பூசி விடுங்கோ."

மூன்றாம் நாள் மழை. வட்டம் கரைந்து கூழானது. கூழின்மேல் நத்தைகள் வழுக்கிக்கொண்டு வந்தன. நீல இலையொன்றில் விரல் போகுமளவு ஓட்டை.

அப்போதுதான் ஐஸ்கிரீம் பெட்டியை எடுத்தேன்.

பிடித்தாயிற்று. எங்கே விடுவது? காட்டோரத்தில் விட்டால் பக்கத்து வரிசை வீடுகளுக்கு வரும். பள்ளிக்கூடப் பக்கம் சிறுபிள்ளைகள் முள்ளங்கி வைத்திருந்தார்கள். பஸ் போகும் வழியில் ஒரு சேமக்காலை இருந்தது. கல்லறைகள், பெரிய மரங்கள், மதில், எந்நேரமும் ஈரம். அங்கே யாரும் மரக்கறி வைக்கமாட்டார்கள், கத்தரிக்கோலோடு வரவும் மாட்டார்கள். உயிர்களுக்குப் பயமில்லாத இடம் என்று எனக்குத் தோன்றியது.

எங்களுக்கு ஊரில் சுடலை. எரித்து, சாம்பலைக் கடலில் கரைத்தால் அந்த இடத்தோடு அலுவல் முடிந்தது. அங்கே போய் ஒருவரும் செடி வளர்ப்பதில்லை. கல்லறைகளுக்கு முன்னால் தெரிந்த பூவும் இலையும் கடையில் வாங்கி வந்து வைப்பவை என்றே நான் நினைத்திருந்தேன். உள்ளே நடந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். செத்தவர்களின் இடம், துடக்கு, தீட்டு என்று நான் நடக்கவில்லை. பின் வாசலால் நுழைந்து, மதிலோரம் மரத்தடியில் பெட்டியைச் சரித்து, "சிவசிவ, பிழைச்சுக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன். வீட்டுக்கு வந்து தலைக்குத் தோய்ந்த பிறகுதான் சுவாமி அறைக்குள் போவேன்.

"என்ன, மழை பெய்யிற நாளெல்லாம் விடியத் தோயிறியள்?" என்று யோகம் கேட்டாள். சொன்னேன்.

"விசரே உங்களுக்கு! பஸ்ஸில நத்தை ஏத்திச் சுடலைக்குக் கொண்டுபோற மனிசன் உலகத்தில நீங்கள் ஒராள்தான்."

அந்தக் கோடையில் ஏழு பெட்டி கொண்டுபோனேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. சொன்ன சொல்லும் நின்றது, நேர்த்தியும் நின்றது.

மீன் முள்

ஆகஸ்ட் முடிவில் பெரித் அக்கா வீடு வந்தார். இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளிப் போகும் நடைவண்டியோடு. முற்றத்துக்கு வந்து நீல ஹொஸ்தாவைப் பார்த்தார். அந்த ஒரு ஓட்டையைத் தவிர இலை இலையாக நின்றது. குனிய முடியாமல், நின்றபடியே கையை நீட்டி இலையைத் தடவினார். பிறகு அதே ஈரக் கையால் என் கன்னத்தைத் தொட்டார்.

"ஞாயிறு என்னை ஆர்வித்திட்டைக் கூட்டிக்கொண்டு போறியா? தனியப் போகப் பயமாக் கிடக்கு."

"ஓம், அதுக்கென்ன" என்றேன்.

ஞாயிறு பஸ் ஏறினோம். ஒவ்வொரு தரிப்பாகப் போகப்போக, இது நான் பெட்டியோடு போன அதே வழி என்று உறைத்தது. நான் இறங்கும் தரிப்பு வந்தது. அவர் கை நீட்டி மணியை அழுத்தினார்.

முன் வாசலால் போனோம். அப்போதுதான் பார்த்தேன். ஒவ்வொரு கல்லின் முன்னும் மண்; மண்ணில் வேரோடு செடிகள். தண்ணீர்க் குழாயடியில் பச்சைப் பூவாளிகள் வரிசையாகத் தொங்கின. ஆட்கள் முழந்தாளில் இருந்து களை பிடுங்கினார்கள். பெரித் அக்கா வண்டியைத் தள்ளித் தள்ளிப் பின் மதில் பக்கமாகப் போனார். என் மரத்தடிப் பக்கமாக.

ஆர்வித்தின் கல்லுக்கு முன்னால் ஒரு ஹொஸ்தா நின்றது. வீட்டில் இருப்பதன் மறுபாதி. இலை என்று ஒன்றுமில்லை. நரம்புகள் மட்டும் நிமிர்ந்து நின்றன. சதை வழித்தெடுத்த மீன் முள்ளைப் போல. நான் வடக்கே நான்கு வருடம் பார்த்த காட்சி.

"முந்தி ஒருநாளும் இஞ்சை இப்பிடி வந்ததில்லை," என்றார் பெரித் அக்கா. "ஒரு வருசமும் வந்ததில்லை."

பூவாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனேன். நிரம்பி வழிந்த பிறகும் குழாயடியிலேயே நின்றேன்.

கோப்பை வழிந்தது

அந்தக் கிழமை கோயிலில் பிள்ளையாருக்கு முன்னால் நின்றேன். தேவாரம் நடுவில் மறந்துவிட்டது. வீட்டில் யோகம் சோறு போட்டபடி சொன்னாள்: "சாமியிட்டைச் சொல்லி என்ன? சாமியின்ர இலையையோ திண்டது? போய் அவவிட்டைச் சொல்லுங்கோ."

போனேன். பெரித் அக்கா கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்த நத்தையளைக் கொண்டுபோய் விட்டது நான்."

"எந்த நத்தை?"

"உங்கட முற்றத்து நத்தை. ஏழு பெட்டி. பஸ்ஸில கொண்டுபோனனான்."

அவர் ஊற்றுவதை நிறுத்தவில்லை. கோப்பை நிரம்பி, தட்டு நிரம்பி, மேசையில் ஓடியது.

"ஏன் அங்கை?"

"அங்கை ஒருத்தரும் கொல்லமாட்டினம் எண்டு நினைச்சன்." நேர்த்தியையும் சொன்னேன். அபியின் கண்ணாடிப் பெட்டியையும் சொன்னேன்.

அவர் துணியை எடுத்து மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"நேசன், இண்டைக்கு வீட்டை போ."

அதன் பிறகு இரண்டு கிழமை அவர் கதைக்கவில்லை. குப்பை போட வரும்போது நேரெதிரே கண்டாலும் நடைவண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். யோகம் கொண்டுபோன சோற்றை வாங்கினார், கோப்பையைக் கழுவி வாசலில் வைத்தார், எனக்கு மட்டும் கதவு திறக்கவில்லை. அடுத்த வீட்டில் இருந்துகொண்டு ஒருவர் உங்களோடு கதைக்காமல் விடுவது எப்படி இருக்கும் என்று பட்டவர்களுக்குத் தெரியும். சுவர் வழியே அவர் வீட்டு வானொலி கேட்கும்போது நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன்.

கத்தரிக்கோல்

ஒரு சனிக்கிழமை காலை கதவில் தட்டுச் சத்தம். திறந்தால் பெரித் அக்கா. நடைவண்டியின் கூடையில் ஒரு சிறு மண்வெட்டியும் கத்தரிக்கோலும்.

"நாலு தரம் தனியப் போனன்," என்றார். வணக்கம், சுகவிசாரிப்பு எதுவும் இல்லை. "வெட்டினன். கோபத்தில வெட்டினன். பேந்து கோபம் முடிஞ்சுது. நத்தை முடியேல்லை."

நான் கதவை நன்றாகத் திறந்துவிட்டேன்.

"இடுப்பு ஏலாமல் கிடக்கு. ஆனா கிழங்கு சாகேல்லை, பாத்தனான். நீ வந்து மண்ணைக் கிண்டித் தா. வெட்டுறதை நான் வெட்டுறன். அது என்ர கை, உன்ர கை இல்லை."

அன்று துடக்கை நினைக்காமல் சேமக்காலைக்குள் நடந்தேன். ஹொஸ்தாவைச் சுற்றி மண்ணைக் கிண்டினேன். ஈரத்துக்குள் நத்தைகள் இருந்தன. கல்லின் மறுபக்கம் பெரித் அக்கா ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் கத்தரிக்கோலோடு மெல்ல மெல்லக் குனிந்தார். பாதியில் நின்று மூச்சு வாங்கினார். முகம் வெளுத்துவிட்டது. மறுபடியும் குனிந்தார்.

என் கை சுத்தமாகத்தான் இருந்தது. அதைச் சுத்தமாக வைத்திருப்பதற்காக, இடுப்பு முறிந்த ஒரு மனுசியைப் புருசனின் கல்லடியில் குனிய வைத்துக்கொண்டு நான் நிற்கிறேன்.

"தாங்கோ," என்றேன்.

"நேசன், வேண்டாம். உன்ர கடவுளிட்டைச் சொன்னது இருக்கு."

"அவரிட்டை நான் கதைக்கிறன். தாங்கோ."

வாங்கினேன். வெட்டினேன். அதைப் பற்றி இதற்குமேல் எழுதவில்லை.

முடிந்ததும் குழாயடியில் போய்க் கை கழுவினேன். அபியின் பெயரில் செய்த நேர்த்தி அல்லவா? உடனே அவளுக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"என்ன அப்பா?"

"ஒண்டுமில்லை. எங்கை நிக்கிறாய்?"

"டீ-பானையில அப்பா. வகட்டுக்குப் போறன். இண்டைக்கு ஈவினிங்." அவள் தாதி. அவளுடைய தமிழுக்குள் வேலை முறை 'வகட்' என்றும் நகர ரயில் 'டீ-பானை' என்றும் நொர்வேஜியனில்தான் வரும்.

"சாப்பிட்டியோ?"

"ஓம். ஏன் மூச்சு வாங்கிறியள்?"

"சும்மா. கவனமாய்ப் போ. இறங்கினதும் எடு."

"அப்பா, எனக்கு இருபத்தேழு வயசு!"

இறங்கியதும் எடுத்தாள். எடுக்கும்வரை நான் ஆர்வித்தின் கல்லுக்குப் பக்கத்து மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். பெரித் அக்கா பக்கத்தில் இருந்து, கூடையிலிருந்து ஒரு தோடம்பழத்தை உரித்து, பாதியை என்னிடம் தந்தார்.

அன்று பின்னேரம் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். "சொன்னதில் பாதியை உடைத்துவிட்டேன் அப்பனே. மறுபாதியை வைத்திருக்கிறேன்" என்று சொன்னேன். இறைச்சி மீன் இன்றுவரை தொடவில்லை. வீட்டுக்கு வந்து யோகத்திடம் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துப் பார்த்தாள். "பிள்ளையார் கோவிச்சால் என்னட்டை அனுப்புங்கோ. நான் கதைச்சு அனுப்புறன்."

முளை

பெரித் அக்காவின் முற்றத்து நீல ஹொஸ்தாவைப் பிளந்து, ஒரு பங்கைப் பழைய கிழங்குக்குப் பக்கத்தில் வைத்தோம். சுற்றிக் கூரான சிறு கல் கொட்டினோம். தண்ணீரை மாலையில் விடாமல் காலையில் விட்டோம். மாலையில் விட்டால் நத்தைக்கு நாமே பாதை போட்டுக் கொடுத்தது போலாகும். மென்மையான இலைக்குத்தான் அவை முதலில் போகும். அதனால் இலை மெல்லிய எங்கள் வீட்டு வெள்ளைக்கரை ஹொஸ்தாவை உயரமான சாடிக்கு மாற்றி, விளிம்பில் செப்புப் பட்டி ஒட்டினேன். இவ்வளவும் செய்தால் கத்தரிக்கோல் வேலை குறையும். இல்லாமல் போகாது. மழை விட்ட காலைகளில் இப்போதும் நான்தான் போகிறேன். ஒவ்வொரு தரமும் சிவசிவ என்பேன். பழகிவிட்டது என்று சொல்லமாட்டேன்.

அடுத்த மே மாதம் ஆர்வித்தின் கல்லுக்கு முன்னால் முளை வந்தது. புதிய பங்கில் மூன்று. தின்று முடித்த பழைய கிழங்கில் ஒன்று. பெரித் அக்கா அந்த ஒன்றைத்தான் முதலில் காட்டினார்.

இந்த இடத்தில்தான் தங்கமலர் வருகிறார். பஸ்ஸில் தொட்டுக் கும்பிட்ட பெட்டியைப் பற்றி ஒருநாள் உண்மையைச் சொன்னேன். மாலை நூலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். ஆனால் அவர் வாயிலிருந்து அடுத்த வாய்க்கு, அம்மருட், ரொம்சோஸ் என்று ஒஸ்லோத் தமிழர் இருக்கும் இடமெல்லாம் போய்த் திரும்பி வரும்போது கதை மாறிவிட்டது. "சிவநேசன் அண்ணை திருநீற்றால வட்டம் போட, வேதக்கார மனிசியின்ர புருசன்ர கல்லறையில பட்டுப்போன கண்டு துளிர்த்ததாம்." அரங்கேற்றம் ஒன்றில் முன்பின் தெரியாத ஒருவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினார். எந்தக் கை என்று அவருக்குத் தெரியாது.

எழுதட்டுமா என்று பெரித் அக்காவிடம் போன மாதம் கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னார்: "எழுது. ஆனா நான் ரெண்டு கிழமை கதைக்காமல் இருந்ததையும் எழுது. அதை விட்டால் நான் நல்ல மனிசி மாதிரி வந்திடுவன்."

எழுதிவிட்டேன் அக்கா.

வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை யாருக்காவது சொல்ல நினைத்தால் சொல்லுங்கள். ஆனால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். திருநீறு மழையில் கரைந்தது என்று சொல்லுங்கள். ஏழு பெட்டி நத்தையையும், பூட்டிக் கிடந்த கதவையும் விட்டுவிடாதீர்கள். கத்தரிக்கோல் யாருடைய கையில் இருந்தது என்பதை அவசியம் சொல்லுங்கள். முளை வந்ததைக் கடைசியில் சொன்னால் போதும்.